எங்கள் நன்னா ஒரு பண்டாரி

நமது சங்கத்தின் பத்தாம் ஆண்டு மலரும் வெள்ளி விழா மலரும் எங்கள் வீட்டு அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன. தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்கள், கட்டட நிதிக்கு வாரி வழங்கிய புரவலர்கள் என எல்லாருடைய பெயரும் படமும் அவற்றில் உண்டு. வெள்ளி விழா மலரில் நோன்பு திறப்பு நிகழ்ச்சியின் படம் ஒன்று இருக்கிறது. நடுவில் சிறப்பு விருந்தினர், அவரைச் சுற்றி நிர்வாகிகள். படத்தின் வலது ஓரத்தில் ஒரு கையும் அந்தக் கையில் ஓர் அகப்பையும் மட்டும் தெரிகின்றன. ஆளைக் காணோம். அந்தக் கை எங்கள் நன்னாவின் கை.

பொன்விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று தர வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது எங்களுக்கு அந்தப் படம்தான் நினைவுக்கு வந்தது. சங்கம் தோன்றிய வரலாற்றையும் கட்டடம் வாங்கிய வரலாற்றையும் எழுத நம்மிடையே தகுதியான பெரியவர்கள் இருக்கிறார்கள். அடுப்படிப் பக்கத்து வரலாற்றை நாங்கள் எழுதுகிறோம் என்று ஒப்புக்கொண்டோம்.

நாங்கள் என்பது மர்ஹூம் நன்னாவின் பேரப்பிள்ளைகள் பதினொரு பேர். எழுதும் பொறுப்பு மசாலா வியாபாரம் செய்யும் எங்கள் வீட்டின் பங்காக வந்தது. பாலிடெக்னிக்கில் டிப்ளோமா படித்துவிட்டுக் கடைக்கு வந்தவர்கள் நாங்கள். சரக்குக் கணக்கு எழுதிப் பழகிய கை இது. நடையில் குறையிருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பெயரைப் போடுவதா என்று நன்னியிடம் கேட்டோம். 86 வயதாகும் நன்னி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "பண்டாரின்னே போடு. அப்படிச் சொன்னாத்தான் எல்லாருக்கும் தெரியும். அவுங்க ஒருத்தர் மட்டுமா ஆக்கிப் போட்டாங்க?" என்றார்கள். அது நியாயமாகப் பட்டது. ஆகவே இது எங்கள் நன்னாவின் கதை. உங்கள் வீட்டிலும் ஒரு பண்டாரி இருந்திருந்தால் இதில் பாதி அவருடைய கதையாகவும் இருக்கும்.

பண்டாரி என்றால் யார்?

பண்டாரம் என்றால் பொருள் சேர்த்து வைக்கும் இடம். அதைக் காத்து, அளந்து கொடுப்பவர் பண்டாரி. நம் ஊர்களில் கல்யாணத்துக்கும் கந்தூரிக்கும் பெருஞ்சமையல் செய்பவருக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. அந்தக் காலத்துக் கப்பல்களில் மாலுமிகளுக்குச் சமைத்தவரையும் பண்டாரி என்றே அழைத்தார்கள். எத்தனை பேர் வருவார்கள், எத்தனை தேக்சா ஏற்ற வேண்டும், எந்த விறகு எரியும், எது புகையும் என்பதெல்லாம் அவர் கணக்கு. சமையல் அந்தக் கணக்கில் பாதிதான்.

நன்னா பிறந்தது முத்துப்பேட்டைப் பக்கம், 1928-இல். தகப்பனார் சிறு வயதிலேயே மவுத்தாகிவிட்டதால், பண்டாரியாக இருந்த தாய்மாமாவிடம் எடுபிடியாகச் சேர்ந்தார்கள். முதல் இரண்டு ஆண்டுகள் வெங்காயம் உரித்தது மட்டும்தான் வேலை. மூன்றாம் ஆண்டில்தான் அகப்பையைத் தொட விட்டார்களாம். நெய்ச்சோறு, கறி, தாளிச்சா, இனிப்புப் பச்சடி என்று எல்லாம் ஒரே சஹனில் வந்து, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் கல்யாணச் சாப்பாட்டை மாமாவின் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டார்கள். எழுதிப் படித்தது ஒன்றுமில்லை. மாமா சொன்ன ஒரே பாடம், "சோத்துப் பானைக்குக் காது கொடு" என்பதுதான். தம் போட்ட பானையில் காதை வைத்தால் தண்ணீர் வற்றும் ஓசை கேட்கும். அந்த ஓசை நிற்கும்போது தணலைத் தள்ளிவிட வேண்டும். நன்னா கடைசிவரை கடிகாரம் பார்த்துச் சமைத்ததில்லை.

ராஜுலாவில் வந்த சமையல்

1948-இல் நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பல் ஏறினார்கள். 1926 முதல் 1973 வரை சென்னை, நாகை, பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஓடிய அந்தக் கப்பலை நம் குடும்பங்கள் எளிதில் மறக்காது. இங்கே உட்கார்ந்து இதைப் படிப்பவர்களில் பலருடைய பாட்டனார் அதன் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்தான். நன்னாவின் தகரப்பெட்டியில் இரண்டு கைலி, இரண்டு சட்டை, மாமா கொடுத்த ஓர் இரும்பு அகப்பை, அவர்கள் உம்மா இடித்துக் கொடுத்த கறித்தூள் இருந்தனவாம். அகப்பை இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. கறித்தூள் கப்பலிலேயே தீர்ந்துவிட்டது.

நம்மவர்கள் இந்தக் கரைக்கு வந்தது நன்னாவுக்கு நூறு ஆண்டுகளுக்கும் முன்பே. சவுத் பிரிட்ஜ் ரோட்டில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் 1826-இல் ஏற்பட்டது. தெலுக் ஆயர் ஸ்திரீட்டில், முதலில் குடிசையாக இருந்ததால் கூச்சுப்பள்ளி என்று பெயர் பெற்ற அல் அப்ரார் பள்ளி 1827-இல் வந்தது. அதே தெருவில் நாகூர் தர்கா 1828-க்கும் 1830-க்கும் இடையில் கட்டப்பட்டது. வணிகர், படகோட்டி, நாணயம் மாற்றுபவர் எனப் பலர் வந்தார்கள். ஆண்கள் மட்டுமே வந்த அந்த நாட்களில் அவர்கள் எல்லாருக்கும் யாரோ ஒருவர் சோறாக்கிப் போட்டிருக்க வேண்டும். அந்த ஆட்களை நாம் அதிகம் நினைப்பதில்லை.

நன்னாவுக்குக் கிடைத்த வேலையும் அதுதான். மார்க்கெட் ஸ்திரீட் பக்கம், செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்த வட்டாரத்தில், ஒரு கடைவீட்டின் மாடியில் நம் ஊர்க்காரர்கள் இருபத்தைந்து பேர் தங்கியிருந்தார்கள். அவர்களுக்கு இரண்டு வேளைச் சாப்பாடு. முதல் நாள் மீன் ஆணம் வைக்கச் சொன்னார்களாம். சந்தையில் வஞ்சிரம் என்று கேட்டால் யாருக்கும் புரியவில்லை. கையால் நீளம் காட்டிக் கேட்டபோது மலாய்க்கார மீன்காரர் "தெங்கிரி" என்றார். நன்னா கற்ற முதல் மலாய்ச் சொல் அது. பிறகு பார்த்தால் நம் சொற்கள் இங்கே ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தன. கடை இங்கே கெடாய், கப்பல் கப்பால், மாம்பழம் மெம்பெலாம், கறி காரி. "நாம வர்றதுக்கு முந்தியே நம்ம பேச்சு வந்துடுச்சு" என்று நன்னா சொல்வார்கள்.

அந்த மாடியில் வயதான பண்டாரி ஒருவர் இருந்தார். ஜப்பானியர் ஆட்சி நடந்த 1942 முதல் 1945 வரை இங்கேயே இருந்து பிழைத்தவர். அரிசி கிடைக்காத அந்த நோன்புகளில் மரவள்ளிக்கிழங்கைத் துருவிக் கஞ்சி காய்ச்சியதாகச் சொல்லி, அதை நன்னாவுக்குச் செய்தும் காட்டினார். அதனால் எங்கள் வீட்டில் ஒவ்வொரு ரமலானிலும் ஒரு நாள் மரவள்ளிக் கஞ்சி உண்டு. சிறுவயதில் எங்களுக்கு அது பிடிக்காது. முகத்தைச் சுளிப்போம். நன்னா கோபப்பட மாட்டார்கள். "ஒரு நாள்தானே, குடிச்சுப் பாரு. அவுங்க மூணு வருசம் குடிச்சாங்க" என்பார்கள்.

ஆற்றோரத்துத் தள்ளுவண்டி

1953-இல் குடிநுழைவுச் சட்டம் இறுகியது. போக வர இருந்த காலம் முடிந்து, இருப்பதா திரும்புவதா என்று முடிவு எடுக்க வேண்டிய காலம் வந்தது. நன்னா ஊருக்குப் போய் நிக்காஹ் முடித்து, சில ஆண்டுகளில் நன்னியை அழைத்து வந்தார்கள். குடும்பம் என்று ஆனபின் கிட்டங்கிச் சம்பளம் போதவில்லை. ஒரு தள்ளுவண்டி வாங்கிச் சிங்கப்பூர் ஆற்றோரம் மீ கோரெங் போட ஆரம்பித்தார்கள்.

மீ கோரெங் தமிழ்நாட்டில் நம் எந்த ஊர்ப் பலகாரமும் அல்ல. சீனரின் மஞ்சள் மீ, தௌக்வா, முளைகட்டிய பயறு, அதோடு வேகவைத்த உருளைக்கிழங்கு, தக்காளிச் சாஸ், நம் கையால் அரைத்த மிளகாய் விழுது, முட்டை, ஓரத்தில் வெள்ளரிக்காய். சீனர், மலாய்க்காரர், தமிழர் மூவரும் இருந்த ஊரில்தான் அப்படி ஒரு பண்டம் பிறக்க முடியும். இந்திய ரோஜாக்கும் அப்படித்தான். பினாங்கில் காவடிபோல் தோளில் கம்பு வைத்து, இருபுறமும் சோறும் கறியும் தொங்கவிட்டு விற்றதால் நாசி கண்டார் என்று பெயர் வந்தது. கண்டார் என்றால் தோளில் சுமப்பது. பண்டாரிகள் ஊர்ச் சமையலை அப்படியே இங்கே காப்பாற்றினார்கள் என்று சொல்வது பாதி உண்மை. கிடைத்ததை வைத்துப் புதிதாக ஆக்கினார்கள் என்பது மீதிப் பாதி.

கல்யாணச் சமையலும் மாறியது. சீரகச் சம்பாவுக்குப் பதில் இங்கே கிடைத்த சயாம் அரிசி. நெய்ச்சோற்றுக்குப் பசும்பாலுக்குப் பதில் டின் பால். தேக்சாவில் பாண்டான் இலை, அதாவது நம் ரம்பை. மாங்காய் கிடைக்காத நாளில் அன்னாசிப் பச்சடி. மலாய் வீடுகளில் அதைப் பச்செரி என்கிறார்கள். தாளிச்சா அவர்கள் வாயில் டால்ச்சாவாகி, அவர்கள் கல்யாணப் பந்தியிலும் இடம்பிடித்துவிட்டது.

தள்ளுவண்டி வாழ்க்கை சுகமானதல்ல. வாளித் தண்ணீர், மழை, அதிகாரிகள் வந்தால் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓட்டம், சில நேரம் அபராதம். 1968, 1969-இல் அங்காடிக்காரர்களைப் பதிவு செய்து உரிமம் கொடுத்தார்கள். 1971 முதல் 1986 வரை தெருவோரக் கடைகள் படிப்படியாக உணவங்காடி நிலையங்களுக்குள் போயின. நன்னாவுக்கும் ஒரு கடை கிடைத்தது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவதை முதல் நாள் சும்மா திறந்து திறந்து பார்த்தார்களாம். ஆனால் கரி அடுப்பு போய்க் கேஸ் அடுப்பு வந்தபின், "மீயில புகை வாசனை போச்சு" என்று பல வருடம் குறைப்பட்டார்கள்.

2020 டிசம்பர் 16-இல் சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாசாரத்தை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. நாங்கள் நன்னியிடம் ஓடிப்போய்ச் சொன்னோம். "இப்பத்தான் தெரிஞ்சுதாமா?" என்று கேட்டுவிட்டு வெற்றிலையை மடித்தார்கள்.

சங்கத்தின் அடுப்பு

நமது சங்கம் தொடங்கியபோது ஒரு கடைவீட்டின் மாடிதான் அலுவலகம். முதல் ஆண்டு நோன்பு திறப்புக்குக் கஞ்சி யார் காய்ச்சுவது என்ற பேச்சு வந்தபோது நன்னா கை தூக்கினார்கள். அன்று தூக்கிய கையைக் கீழே போட முப்பது வருடத்துக்கு மேலாயிற்று. ரமலான் மாதத்தில் பகலில் கடையை மூடிவிட்டு, லுஹர் தொழுததும் அடுப்பு மூட்டுவார்கள். நோன்போடு, வெப்பத்தில், உப்புக்கூட ருசி பார்க்காமல் முந்நூறு பேருக்குக் கஞ்சி. நுரையைப் பார்த்தே உப்பைச் சொல்வார்கள்.

நம் உறுப்பினர் குடும்பங்களின் கல்யாணங்கள் வீவக புளோக்குகளின் கீழ்த்தளத்தில் நடந்த காலம் அது. விறகு வைக்க முடியாது. பெரிய கேஸ் அடுப்புகளைப் பரப்பி, அட்டைப்பெட்டிகளைக் கிழித்துக் காற்றுக்குத் தடுப்பு வைத்து, விடிய விடியச் சமையல். மேல்மாடிச் சீன அண்டைவீட்டார் இறங்கி வந்து என்ன வாசனை என்று கேட்பார்கள். அவர்களுக்கும் ஒரு தட்டு போகும். கல்யாணச் சமையலுக்கு நன்னா கூலி வாங்குவார்கள். சங்கத்துக் கஞ்சிக்கும் மவுத்து வீட்டுச் சோற்றுக்கும் ஒரு காசு வாங்கியதில்லை. இது எங்களுக்கு நெடுநாள் தெரியாது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறோம்.

ஒன்றை வெட்கத்தோடு எழுத வேண்டும். பள்ளிப் படிவத்தில் பாட்டனார் தொழில் என்ன என்று கேட்ட இடத்தில் எங்களில் சிலர் 'வணிகர்' என்று எழுதியிருக்கிறோம். சமையல்காரர் என்று எழுத மனம் வரவில்லை. நன்னா அந்தப் படிவத்தைப் பார்த்தார்கள். ஒன்றும் சொல்லவில்லை.

அடிப்பிடித்த கஞ்சி

2009-இல் நன்னா மவுத்தானார்கள். அடுத்த ஆண்டு ரமலானில் சங்கத்துக் கஞ்சியை நாங்களே காய்ச்சுகிறோம் என்று பேரப்பிள்ளைகள் முன்வந்தோம். வீட்டில் எட்டு ஒன்பது பேருக்கு நன்னி போடும் அளவு எங்களுக்குத் தெரியும். பாலிடெக்னிக் படித்த பிள்ளைகள் அல்லவா? கால்குலேட்டரை எடுத்து எல்லாவற்றையும் முப்பத்தைந்தால் பெருக்கினோம். அரிசி, பருப்பு, தண்ணீர், வெந்தயம், மசாலா எல்லாம்.

பெரிய தேக்சாவில் தண்ணீர் வீட்டுப் பானைபோல் வற்றாது. உள்ளே இருக்கும் அளவுக்கு ஏற்ற வாய்அகலம் அதற்கு இல்லை. கஞ்சி நீர்த்துக்கொண்டே இருந்தது. மஃரிபு நெருங்க நெருங்கத் தீயைக் கூட்டினோம். அடிப்பிடித்தது. வெந்தயக் கசப்பு வேறு. பாங்கு சொன்னார்கள், கிண்ணங்கள் போயின. யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. பெரியவர் ஒருவர், "பரவாயில்லப்பா, பசிக்கு எல்லாம் ருசிதான்" என்றார். அவர் தேற்றத் தேற்ற எங்களுக்கு அழுகைதான் வந்தது.

வீட்டுக்கு வந்து நன்னியிடம் சொன்னோம். நன்னி சிரித்தார்கள். "வெந்தயத்தைப் பெருக்கக் கூடாதுடா. தண்ணியையும் பெருக்கக் கூடாது. கொஞ்சமா ஊத்திட்டு, பக்கத்துல சுடுதண்ணி வச்சுக்கணும்" என்றார்கள். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டோம். "அவுங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே யாரு?" என்று கேட்டார்கள்.

நன்னியின் அம்மி

அன்றுதான் எங்களுக்கு இன்னொரு வரலாறு தெரிந்தது. நன்னா கற்றுவந்தது கல்யாணச் சமையல். கஞ்சி பெண்களின் சமையல். சங்கத்துக்குக் கஞ்சி காய்ச்ச ஒப்புக்கொண்டு வந்த இரவு, நன்னா நன்னியிடம் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். நன்னி தன் உம்மாவிடம் கற்ற பக்குவத்தைச் சொன்னார்கள். முதலில் ஐம்பது பேருக்கு, பிறகு நூறு பேருக்கு என்று இருவரும் சேர்ந்து கூட்டிப் பார்த்துத்தான் முந்நூறுக்கு வந்தார்கள். தள்ளுவண்டிக் காலத்தில் மிளகாய் விழுது அரைத்ததும் நன்னிதான். பிள்ளைகள் தூங்கியபின் நள்ளிரவில் அம்மியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு மணியாகும்.

இது எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததல்ல. தஞ்சோங் பகாரில் கடையநல்லூர்ப் பெண்கள் மசாலா அரைத்து விற்றுக் குடும்பத்துக்குத் தோள்கொடுத்தது சிங்கப்பூர்த் தமிழ் முஸ்லிம்களின் வரலாற்றில் பலரும் அறிந்த பகுதி. நன்னிக்கு அவர்களில் சில தோழிகள் இருந்தார்கள். கைப்பக்குவத்தை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டார்கள். நாங்கள் இன்று விற்கும் மசாலாவின் முதல் கடை எது என்று கேட்டால் அந்த அம்மிதான்.

வெள்ளி விழாப் படத்தில் நன்னாவின் கையாவது விழுந்தது. நன்னியின் கை எந்த மலரிலும் விழவில்லை.

எழுதி வைத்த நோன்பு

நன்னி சொன்னதைக் கேட்டு அடுத்தடுத்த ஆண்டுகளில் கஞ்சி தேறியது. ஆனாலும் யாரும் எழுதி வைக்கவில்லை. நன்னிதான் இருக்கிறார்களே என்ற தைரியம்.

2020-இல் கொரோனா வந்தது. மார்ச் மாதம் பள்ளிவாசல்கள் மூடப்பட்டன. ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை அத்தியாவசியத் தேவையின்றி வீட்டை விட்டு வெளியே போகத் தடை. இடையில் ரமலான். பள்ளியில் கஞ்சி இல்லை, சங்கத்தில் கஞ்சி இல்லை. பதினொரு பேரும் பதினொரு வீட்டில். முதல் நோன்பு அன்று அஸருக்குப் பிறகு நன்னியைக் கைப்பேசி வீடியோவில் அழைத்தோம். நன்னி தன் அடுப்படியில் நின்று சொல்லச் சொல்ல, பதினொரு அடுப்படியில் கஞ்சி கொதித்தது. ஒரு பேத்தி பக்கத்தில் தராசு வைத்து, நன்னியின் ஒரு பிடி எத்தனை கிராம், ஒரு கிண்ணம் எத்தனை மில்லிலிட்டர் என்று எழுதிக்கொண்டே வந்தார். அந்த நோட்டுத்தான் எங்கள் குடும்பத்தின் முதல் சமையல் ஏடு. இப்போது அதில் நெய்ச்சோறு, தாளிச்சா, மீன் ஆணம், மீ கோரெங், மரவள்ளிக் கஞ்சி எல்லாம் ஏறியிருக்கின்றன.

வியாபாரிகள் என்பதால் எங்களுக்கு உடனே ஒரு யோசனை வந்தது. கஞ்சி மசாலாவைப் பொட்டலமாகப் போட்டு, 'பண்டாரி' என்று பெயர் வைத்து விற்கலாம். லேபிள்கூட அச்சாகி வந்துவிட்டது. காட்டினோம். நன்னி கண்ணாடியைப் போட்டுப் படித்துவிட்டுச் சொன்னார்கள்: "மீயை வித்தாங்க, சோத்தை வித்தாங்க. கஞ்சியை என்னைக்குடா காசுக்கு வித்தாங்க?" அப்போதுதான் முப்பது வருடம் ஒரு காசு வாங்காத விவரம் எங்களுக்குத் தெரிய வந்தது.

லேபிள்களைப் பழைய காகிதத்துக்குப் போட்டோம். வியாபாரக் கணக்கில் அது நட்டம். அதே பக்குவத்தை இந்த மலரில் இலவசமாகத் தருகிறோம்.

நன்னியின் நோன்புக் கஞ்சி

எட்டு முதல் பத்துப் பேருக்கு: நொய்யாக உடைத்த பச்சரிசி 200 கிராம், பாசிப்பருப்பு 50 கிராம், வெந்தயம் ஒரு தேக்கரண்டி, ஆட்டுக் கொத்துக்கறி 150 கிராம், வெங்காயம் இரண்டு, தக்காளி ஒன்று, பச்சைமிளகாய் இரண்டு, இஞ்சி பூண்டு விழுது ஒரு மேசைக்கரண்டி, மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி, பட்டை ஒரு துண்டு, கிராம்பு இரண்டு, ஏலக்காய் இரண்டு, பாண்டான் இலை ஒன்று, கொத்தமல்லி, புதினா ஒவ்வொரு பிடி, கெட்டித் தேங்காய்ப்பால் 250 மில்லிலிட்டர், தண்ணீர் இரண்டரை லிட்டர், எண்ணெய், உப்பு.

பருப்பை வாசம் வரும்வரை வெறும் சட்டியில் வறுத்து, அரிசியோடு கழுவி அரைமணி நேரம் ஊற வையுங்கள். எண்ணெயில் பட்டை, கிராம்பு, ஏலக்காய், பாண்டான் இலை, பிறகு வெங்காயம், இஞ்சி பூண்டு. பச்சை வாடை போனதும் தக்காளி, மிளகாய், மஞ்சள்தூள். கொத்துக்கறியைப் போட்டு நிறம் மாறும்வரை கிளறுங்கள். தண்ணீர் ஊற்றிக் கொதித்ததும் அரிசி, பருப்பு, வெந்தயம். பிறகு தீயைக் குறைத்து, அடியைத் தொட்டுத் தொட்டுக் கிளற வேண்டும். அரிசி குழைந்தபின்தான் உப்பு. கடைசியில் தேங்காய்ப்பால், கொத்தமல்லி, புதினா. பால் ஊற்றியபின் கொதிக்க விடக் கூடாது, திரிந்துவிடும். ஓரத்தில் நுரை கூடியதும் இறக்கிவிடலாம்.

சங்கத்துக்கு, அதாவது முந்நூறு பேருக்கு: அரிசி 7 கிலோ, பருப்பு ஒன்றே முக்கால் கிலோ, கறி 5 கிலோ. வெந்தயம் 100 கிராமுக்கு மேல் வேண்டாம். பட்டை, கிராம்பும் கை அடக்கமாகவே. தண்ணீர் முதலில் 70 லிட்டர். பக்கத்து அடுப்பில் சுடுதண்ணீர் தயாராக இருக்கட்டும், இறுக இறுக ஊற்றலாம். தீயைக் கூட்டி அவசரப்பட வேண்டாம். இதற்கு நாங்கள் கொடுத்த விலையை மேலே எழுதியிருக்கிறோம்.

ஒரு வேண்டுகோள்

நமது சங்கத்தின் ஐம்பது ஆண்டுகளில் எத்தனையோ தீர்மானங்கள் நிறைவேறியிருக்கின்றன. எத்தனையோ உதவித்தொகை, எத்தனையோ விழா. அந்த ஒவ்வொரு நாளிலும் யாரோ சமைத்தார்கள், யாரோ அரைத்தார்கள், கடைசியில் யாரோ தேக்சாவைக் கழுவினார்கள். அவர்களில் சிலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். வீட்டுக்குப் போனதும் அவர்கள் பக்கத்தில் ஒரு தராசும் ஒரு நோட்டும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். "கை பார்த்துப் போடு" என்பார்கள். விடாதீர்கள். அந்தக் கைப்பிடியை நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதன் ஒரு பிரதியைச் சங்க அலுவலகத்தில் கொடுத்தால், அடுத்த மலர் வரும்போது நிர்வாகிகள் பட்டியலுக்குப் பக்கத்தில் அந்தப் பக்கங்களும் வரலாம் என்று மலர்க்குழுவிடம் கேட்டிருக்கிறோம்.

இந்த ஆண்டும் ரமலானில் சங்கத்துக் கஞ்சி எங்கள் பொறுப்பு. நன்னாவின் இரும்பு அகப்பையைத்தான் பயன்படுத்துகிறோம். நன்னி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொள்வார்கள். உதவிக்கு வர விரும்பும் பிள்ளைகள் லுஹர் தொழுததும் வரலாம். முதல் வேலை வெங்காயம் உரிப்பது.

அல்லாஹ் நம் பண்டாரிகள் எல்லாருடைய பிழைகளையும் பொறுத்து, அவர்களுக்குச் சுவனபதியைத் தருவானாக. ஆமீன்.